ஐந்து மூலை முக்கோணம்

உலகநாதன் வாத்தியாருக்குத் தம் உடம்பில் பிடிக்காத உறுப்பு கை. அவை அவருடைய அப்பாவின் கைகள். குட்டையான தடித்த விரல்கள், அகன்ற உள்ளங்கை, மண்வெட்டி பிடிப்பதற்கென்றே வளைந்த மாதிரி ஒரு கட்டைவிரல். ஏம்பலத்தில் நாலு தலைமுறையாக நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம் அது. அதிலிருந்து முதல் ஆளாகப் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சில் பரீட்சை எழுதி, 'ப்ரவே' என்ற பட்டத்தை வாங்கியவர் அவர். பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாகூருக்கும் குருவிநத்தத்துக்கும் நடுவே இருந்த ஓர் ஊரில் அவருக்கு வேலை. ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, வேண்டாம். ஒரே கூடமாக நீண்ட ஓட்டுக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். சுவரில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் மூன்று சொற்கள் எழுதியிருந்தன. கூடத்துக்குள் நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். சேரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வெளியே தாழ்வாரத்தில், ஜன்னல் வழியாகக் கரும்பலகை தெரிகிற இடத்தில் உட்காருவார்கள். அந்த மூன்று சொற்கள் அங்கிருந்து தெரியாது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, ஜன்னல் அப்படி அமைந்துவிட்டது என்று உலகநாதன் சொல்வார்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் டவுனுக்கு மாற்றிவிடுவார்கள் என்றுதான் வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் அது ஏழாவது வருடம். அதற்குள் அந்த ஊரில் அவர் இகழாத ஜீவன் இல்லை. பையன்கள் மக்கு. பெற்றோர் முரடர். தபால்காரனுக்கு விலாசம் படிக்கத் தெரியாது. ஏரி நாற்றம். இதையெல்லாம் நல்ல பிரெஞ்சில் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். தமிழில் சொன்னால் அது வெறும் கோபம், பிரெஞ்சில் சொன்னால் அபிப்பிராயம் என்று நினைப்பு.

அவர் மனைவி கனகாம்பாள் டவுனில் வளர்ந்தவள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்.

"இன்னாங்க, லெட்டர் வந்துதா?"

"எந்த லெட்டர்?"

"ஏழு வருசமா வராத லெட்டர்தான். வேற எவன் நமக்கு எழுதறான்?"

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு லெட்டர் வரத்தான் வந்தது. மாற்றல் உத்தரவு இல்லை, சுற்றறிக்கை. இனி வடிவியலைக் கரும்பலகையில் மட்டும் நடத்தக் கூடாது. மாணவன் தன் கையால் அளக்க வேண்டும், மடிக்க வேண்டும், பிசைய வேண்டும், கட்ட வேண்டும். மண், கயிறு, குச்சி, ஓலை ஆகியவற்றைப் பயன்படுத்துக. மார்கழியில் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். அடியில் கடைசிப் பத்தி: டவுன் பள்ளி ஒன்றில் ஓர் இடம் காலியாகிறது, இந்தப் புதுமுறையில் சிறப்பாக நடத்துகிறவர் பெயர் அதற்குப் பரிந்துரைக்கப்படும்.

கனகாம்பாளுக்குக் கடைசிப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினார். மற்றதைத் தனியாக இரண்டு தரம் படித்தார். மண், கயிறு, குச்சி, ஓலை. அவர் தப்பித்து வந்த வீட்டின் சாமான் பட்டியல் அது.

அதுவரை அவர் வடிவியல் நடத்திய விதம் வேறு. செங்கோண முக்கோணத்தில் நீண்ட பக்கத்தின் மேல் வரைந்த சதுரம் மற்ற இரு பக்கச் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்பதைப் பிரெஞ்சில் ஒரே மூச்சாகச் சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ஒரு சொல்லும் விளங்காது. ராகம் மட்டும் பிசகாது. தெருவில் போகிறவர்கள் ஜெபம் நடக்கிறது என்று நினைத்தார்கள். கடைசியில் ஆமென் சொல்லாதது ஒன்றுதான் குறை.

இப்போது உத்தரவு வந்துவிட்டது. முதலில் மண். ஏரிக் களிமண் கொண்டுவரச் சொல்லிக் கனசதுரம் பிடிக்கச் சொன்னார். அவர் மண்ணைத் தொடவில்லை; குடை நுனியால் சுட்டிக்காட்டினார். நிலக்காரர் வீட்டுப் பையன்கள் பிடித்தவை கொழுக்கட்டையாக வந்தன. ஒருவன் பிள்ளையார் பிடித்து அறுகம்புல்லும் செருகிவிட்டான். தாழ்வாரத்தில் இன்னாசிமுத்து என்ற பதினொரு வயதுப் பையன் வைத்திருந்தது மட்டும் எல்லா முனையும் கூர்மையாக, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி நின்றது.

"ஐயா, பாருங்க," என்றான்.

வாத்தியார் பார்த்தார். அவன் அப்பன் சூளையில் செங்கல் அறுக்கிறவன். "செங்கல் அறுக்கிறவன் பிள்ளைக்கு வேறென்ன வரும்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவரிடம் அப்படி ஒரு கணக்கு இருந்தது. கொழுக்கட்டையாக வந்தால் மக்கு. சரியாக வந்தால் கூலிக்காரன். இரண்டிலும் அவர் தப்பித்துக்கொள்வார்.

அடுத்தது கயிறு. இருபத்து நாலு முழக் கயிற்றில் இரண்டிரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சு, பன்னிரண்டு பங்கு. முனைகளைச் சேர்த்துக் கட்டி, மூன்று பங்கு, நாலு பங்கு, ஐந்து பங்கு விட்டு மூன்று பேர் முடிச்சைப் பிடித்து இழுத்து நின்றால், ஆறு முழப் பக்கமும் எட்டு முழப் பக்கமும் சேருகிற மூலை செங்கோணம். சுற்றறிக்கையில் படமே போட்டிருந்தது. வாத்தியார் பள்ளிக்கு முன்னால் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படித்துப் படித்துச் சொன்னார். ஊர்ப் பெரிய நிலக்காரர் தணிகைவேலின் மகன் தங்கவேல் ஒரு முடிச்சு. இன்னொரு பையன் ஒரு முடிச்சு. மூன்றாவது ஆள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கயிறு சுருண்டது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் இன்னாசிமுத்து தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்து முடிச்சைப் பிடித்து இழுத்தான். கயிறு விண்ணென்று நின்றது.

வாத்தியார் ஒரு காகிதத்தை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் இன்னொரு தரம் மடித்தார். அந்த முனை செங்கோணம். எழுந்து போய் மூலையில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. இரண்டு ஓரமும் கயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

ஏழு வருடமாகச் சொல்லிவந்த ஒன்றை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். தம்மை அறியாமல் இரண்டு கைகளாலும் கயிற்றைத் தடவினார். "பார்த்தீங்களாடா, பார்த்தீங்களாடா," என்றார், தமிழில். அரை நிமிஷம் இருக்கும். அவர் வாழ்க்கையில் வாத்தியாராக இருந்தது அந்த அரை நிமிஷம்தான் என்று சொல்லலாம்.

சாயங்காலம் தணிகைவேல் வந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, உட்காராமல் நின்றார்.

"வாத்தியாரே, பையன் இன்னாமோ கயிறு புடிச்சானாமே."

"பாடம் அது. சர்க்கார் உத்தரவு."

"உத்தரவுன்னா நடத்துங்க, யார் வேணாம்னா? அந்தாண்ட முனைய எவன் புடிச்சான்?"

வாத்தியார் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எவன் புடிச்சான்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"ஒருத்தர் மேல ஒருத்தர் படலியே. நடுவுல எட்டு முழம் இருக்கு."

"எட்டு முழமா இருந்தா இன்னா, எம்பது முழமா இருந்தா இன்னா? மண்ணு தீட்டக் கடத்தாது. கயிறு கடத்தும்."

"பிரெஞ்சுச் சட்டத்துல அப்படியெல்லாம் பிரிச்சு..."

"சட்டம் காயிதம்பா. காயிதமும் கடத்தாது."

தணிகைவேல் வீட்டு மாட்டைக் காலையில் அவிழ்த்து, தலைக்கயிற்றை அவர் கையில் கொடுப்பது யார் என்று உலகநாதனுக்குத் தெரியும். இன்னாசிமுத்துவின் சித்தப்பன். அந்தக் கயிறு கடத்தாதா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. நினைத்ததே பெரிய தைரியம் என்று பட்டது.

"மார்கழியில பள்ளிக்கூடத்தப் பார்க்கப் பெரிய முசே வரப்போறாராமே," என்றார் தணிகைவேல் கிளம்பும்போது. "அன்னிக்குப் பார்த்து நம்ம புள்ளைங்க ஒருத்தனும் வரலன்னா உங்களுக்கு நல்லாவா இருக்கும்? யோசிங்க. படிச்சவரு."

படித்தவர் யோசித்தார். டவுன், கடற்கரை, வெள்ளைக் கட்டடம், கோட்டுக்கு ஏற்ற சகாக்கள், எல்லாம் அந்தக் கயிற்றின் முனையில் தொங்கின. கூடம் காலியாக இருந்தால் போயிற்று. மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றை மூன்று துண்டாக வெட்டிவிட்டார்.

ஆறு முழம் ஒன்று, எட்டு முழம் ஒன்று, பத்து முழம் ஒன்று. இரு முனையிலும் சுருக்கு. கையில் பிடிக்கவே வேண்டாம். தரையில் முளையடித்து மாட்டிவிடலாம். ஒரு துண்டு சேரிப் பிள்ளைகளுக்கு. சுற்றறிக்கையும் நிறைவேறும், ஊரும் நிறைவேறும். இதை அவர் தணிகைவேலிடம் படம் போட்டு விளக்கினார். கூட நாலு பேர் வந்திருந்தார்கள்.

"எந்தத் துண்டு அவனுங்களுக்கு?" என்றார் ஒருவர்.

"எதுவானாலும் சரி."

"அதெப்படி? பெருசு நம்மளுதா இருக்கணும்."

"பெருசு, நடு, ரெண்டும் நம்மளுது," என்றார் தணிகைவேல். "குட்டை அவனுங்களுக்கு. மூலையில முளை ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான். ஒரு முளையில ரெண்டு சுருக்கும்..."

"அப்ப கயிறும் கயிறும் ஒட்டுமே வாத்தியாரே."

அவ்வளவு நேரம் விளக்கியும் அந்த ஊரில் வடிவியல் சரியாகப் புரிந்தது தணிகைவேல் ஒருவருக்குத்தான். வாத்தியார் தலையாட்டினார். சேரிக் கயிற்றின் இரு முனைக்கும் தனி முளை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அன்றிரவு நோட்டில் வரைந்து பார்த்தார். மொத்தம் ஐந்து முளை. முக்கோணத்துக்கு ஐந்து மூலை. ஆறு முழமாக இருக்க வேண்டிய பக்கம் ஏழு முழமாகிவிட்டது. செங்கோணம் ஒடுங்கிக் கோணலாயிற்று. சுற்றுக் கிராமங்கள் சேர்ந்த அந்தக் கொம்யூனில் அது தப்பு என்று நிரூபித்துக் காட்டத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். நோட்டை மூடினார். ஒரு சாண்தானே, ஆய்வாளர் முழம் போட்டா பார்க்கப் போகிறார்.

ஒத்திகை நடந்தது. ஐந்து முளைக்கும் குறி போட்டு அடித்தார்கள். மூலையைக் குடையால் சுட்டினால் பையன்கள் ஒரே குரலில் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்: இது செங்கோணம், ஐயா. சொன்னார்கள். ராகம் பிசகவில்லை.

இன்னாசிமுத்து தன் முளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். "ஐயா, சேரலீங்களே," என்றான்.

"வாயை மூடு."

"அன்னிக்கு சேந்துச்சிங்களே. விண்ணுன்னு நின்னுச்சி."

"அன்னிக்கு நின்னது தப்பு. இதுதான் சரி. சொல்லு."

அவனும் சொன்னான்: இது செங்கோணம், ஐயா.

மார்கழி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆய்வாளர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். புதுச்சேரிக்காரர், கறுப்புக் கோட்டு, கைத்தடி. தமிழ் தெரியும், பள்ளிக்கூடத்தில் பேச மாட்டார். நிலக்காரர் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்திருந்தார்கள். புங்க மரத்துக்கு அந்தப் பக்கம் தணிகைவேலும் இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றார்கள். புல்லில் இன்னும் பனி இருந்தது.

வாத்தியார் அருமையான பிரெஞ்சில் ஐந்து நிமிஷம் பேசினார். பிறகு குடையால் மூலையைச் சுட்டினார். இது செங்கோணம், ஐயா, என்றார்கள் பிள்ளைகள்.

ஆய்வாளர் முளைகளைக் கைத்தடியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி தமிழில், தங்கவேலைக் கேட்டார்: "தம்பி, முக்கோணத்துக்கு எத்தனை மூலை?"

"மூணுங்க."

"இதுக்கு எத்தனை? எண்ணு."

தங்கவேல் எண்ணினான். வாத்தியாரைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "அஞ்சுங்க," என்றான்.

யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். ஆய்வாளர் தம் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு மடிப்பு மடித்தார். மூலையில் வைத்தார். பொருந்தவில்லை. வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தார்.

"பனி," என்றார் உலகநாதன் பிரெஞ்சில். "இரவுப் பனியில் கயிறு சுருங்கிவிட்டது. அதனால்தான் எட்டவில்லை."

"அப்படியா," என்றார் ஆய்வாளர், எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில். "பனி காயட்டும்."

நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் நின்றார்கள். வெயில் ஏறியது. புல்லில் இருந்த பனி போயிற்று. கயிற்றின் மேல் ஒரு ஓணான் ஏறி, நடுவில் நின்று தலையாட்டிவிட்டு இறங்கியது. ஆய்வாளர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார், பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் படித்தார். சிறு பிள்ளைகள் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார்கள். வாத்தியாரின் கோட்டு முதுகில் ஒட்டியது. கயிறு எலும்பு மாதிரி காய்ந்தது. ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது.

பத்து மணிக்கு ஆய்வாளர் பத்திரிகையை மடித்தார். இன்னாசிமுத்துவைப் பார்த்து, "ஏண்டா தம்பி சேரல?" என்றார்.

"ரெண்டு சுருக்கையும் ஒரே முளையில மாட்டுனா சேரும்ங்க," என்றான் அவன். அதில் ஒரு ரகசியமும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

"முசியே உலகநாதன், நீங்களே மாட்டிக் காட்டுங்களேன்."

வாத்தியார் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். குனிந்தார். எதிரே சேரிக் கயிற்றின் சுருக்கு; கழற்றிப் பக்கத்து முளையில் போட வேண்டும், அவ்வளவுதான். டவுன் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மரத்தடியில் தணிகைவேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். பெரிதாக ஒன்றுமில்லை, துப்ப வேண்டியிருந்தது, துப்பினார்.

வாத்தியார் சேரிக் கயிற்றை விட்டார். இந்தப் பக்கத்து முளையைப் பிடுங்கினார். பிடுங்கி, ஒரு சாணாக இருந்த இடைவெளியை நாலு விரலாகக் குறைத்து நட்டார். அடுத்த மூலையிலும் அப்படியே செய்து கயிறுகளை இழுத்துவிட்டார். நிமிர்ந்து மரத்தடியைப் பார்த்தார். 

ஆய்வாளர் காகிதத்தை வைத்துப் பார்த்தார். "இன்னும்," என்றார்.

நாலு விரல் இரண்டு விரலாயிற்று.

"இன்னும்."

உலகநாதன் குந்தியபடியே இருந்தார். காகித ஓரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. மரத்தடிக்கும் நாற்காலிக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தாயிற்று. இரண்டு விரல் இருந்தால்தான் ஊர், இல்லாமல் இருந்தால்தான் டவுன். இரண்டையும் கேட்டு நின்ற அந்த மனிதருக்கு எந்தப் பக்கமும் கை நீளவில்லை. "இவ்வளவுதான் வரும், ஐயா," என்றார். பிரெஞ்சில் இலக்கணம் சுத்தமாக இருந்தது.

ஆய்வாளர் ஒரு வரி எழுதினார், வண்டி ஏறினார். டவுன் இடம் வில்லியனூர்ப் பக்கத்து வாத்தியார் ஒருவருக்குப் போயிற்று. கனகாம்பாள் அதற்குப் பிறகு லெட்டர் வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஊரும் அவரை ஒன்றும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. முளையை இரண்டு விரல் வரை கொண்டுபோனவர்தானே, நேரம் வந்தால் ஒட்டிவிடுவார் என்று தணிகைவேல் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கயிறுகளும் பரணில் கிடந்தன. ஜெபம் மறுபடி தொடங்கியது. இன்னாசிமுத்து அடுத்த வருடம் சூளைக்குப் போய்விட்டான். அவன் நின்றதை வாத்தியார் ஆஜர்ப் புத்தகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மாற்றல் வராது என்று முழுதாகத் தெளிய இன்னும் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. தெளிந்த பிறகு அந்த ஊரிலேயே மனை வாங்கி வீடு கட்ட முடிவு செய்தார். பாகூர்ப் பக்கத்தில் கை சுத்தமான கொத்தனார் யார் என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

கடைக்கால் குறி போடக் காலையில் இன்னாசிமுத்து வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். தோளில் ஒரு கயிறு, இடுப்பில் மூலைமட்டம். சித்தாள் வரவில்லை. கனகாம்பாள் சந்தைக்குப் போயிருந்தாள்.

"மூலை சுத்தமா இருக்கணும்," என்றார் வாத்தியார். "ஒரு நூல் பிசகக் கூடாது. வீடு."

"பிசகாதுங்க."

அவன் கயிற்றை உதறினான். இருபத்து நாலு முழம், முடிச்சுப் போட்டது, முனைகள் சேர்ந்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே கயிறா?"

"மூணா வெட்டுனா வூடு கோணிக்கும்ங்க."

இரண்டு முளையை அடித்து, இரண்டு முடிச்சை மாட்டினான். மூன்றாவது முடிச்சைத் தூக்கி அவரிடம் நீட்டினான். அவர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். ஒரு கோழி மட்டும் நின்றது.

"புடிங்க வாத்தியாரே," என்றான் இன்னாசிமுத்து. "பனியெல்லாம் காஞ்சிருச்சி."

பிடித்தார். "இழுங்க," என்றான், இழுத்தார். அப்பாவின் கைகள், நன்றாகவே இழுத்தன. கயிறு விண்ணென்று நின்றது. அவன் குனிந்து மூலைமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சுண்ணாம்பால் கோடு போட்டான். "விடலாம்," என்றான்.

அவர் விட்டார். மூலை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கைகளைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் கோட்டுப் போட்டிருக்கவில்லை.